படிவத்தில் காரணம் எழுதும் இடம்

அந்த வேலைக்கு மவுஸை மூன்று தடவை அழுத்தினால் போதும். அழுத்தினேன். அதோடு எங்கள் மில் ஆபீசில் இருந்த யாரும் வெளியாட்களோடு சாட்டில் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது என்று ஆகிவிட்டது. வெளியில் இருப்பவர்களும் எங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. அது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு. லாரி லோடு பார்க்கும் குமாஸ்தா எட்டிப் பார்த்து, திண்டுக்கல்காரிக்குப் பூட்டுப் போடச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பகடி எங்கள் ஊர்க்காரர்களுக்கு அலுப்பதே இல்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்றைக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும். நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகும் வழியில் இருக்கும் ஒரு நூற்பாலையில். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் நான்தான், தலைமை அலுவலகத்தோடு இணைப்பு அறுந்தாலும் நான்தான். சிஸ்டம் மேடம் என்பார்கள்; வயதில் மூத்தவர்கள் ஏம்மா என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், மழையை நம்பின காடு. பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் என் மகள் சம்பளம் என்று அப்பா ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் அவரேதான் சொல்லித் திரிவார்.

சாட் என்று நாங்கள் சொல்வது தலைமை அலுவலகம் ஆபீசுக்கென்று வாங்கிக் கொடுத்த மென்பொருளை. அதில் எழுதலாம், பேசலாம், முகம் பார்த்துக் கூட்டம் போடலாம். வெளியில் இருப்பவர் தன் போனில் அதை இலவசமாக ஏற்றி வைத்திருந்தால் அவரோடும் பேசலாம். சொந்த மொபைலை மில்லுக்குள் கொண்டுவர எங்களில் யாருக்கும் அனுமதி இல்லை. வாசலில் செக்யூரிட்டி அறையில் நம்பர் போட்ட அலமாரி ஒன்று உண்டு. அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சொந்த நம்பரில் மில் வியாபாரம் பேசவும் கூடாது. ஆகவே வேலை நேரத்தில் எங்களுக்கு வெளியுலகம் என்பது மேசை போனும் இந்தச் சாட்டும்தான்.

சாத்தச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வாரம், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்குச் சாட்டில் ஓர் அழைப்பு வந்தது. திரையில் ஹெல்ப் டெஸ்க் என்று பெயர். ஒருவன் நல்ல தமிழில், மரியாதையாக, உங்கள் சிஸ்டம் மெதுவாக ஓடுவதாகத் தெரிகிறது, ஒரு நிமிடத்தில் சரிசெய்து தருகிறேன் என்றிருக்கிறான். மெதுவாக ஓடியது உண்மைதான். எங்கள் ஆபீசில் எது வேகமாக ஓடுகிறது? அவன் சொன்ன இடத்தில் எல்லாம் அழுத்தி, திரையையே அவன் கையில் கொடுத்துவிட்டு, இவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். தற்செயலாக அந்தப் பக்கம் போன நான், அவள் கை மவுஸில் இல்லாமலே அம்புக்குறி திரையில் நகர்வதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். நல்ல வேளையாக ஒன்றும் போகவில்லை. ஆனால் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டேன். இந்த மில்லில் ஹெல்ப் டெஸ்க் என்றால் நான் ஒருத்திதான், நான் என்றைக்காவது இவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறேனா என்று கேட்டேன். அவள் அழுதாள். அவளுக்கு இதையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவளும் நான் ஒருத்திதான் என்பது பிறகுதான் உறைத்தது. மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நடந்ததைக் கோயம்புத்தூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். உடனே உத்தரவு வந்தது. வெளித்தொடர்பு முழுவதையும் நிறுத்த வேண்டும். எந்தெந்த வெளி நிறுவனங்கள் கட்டாயம் தேவை என்று ஒவ்வொரு பிரிவும் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பெயரில் வரும் மெயில் முகவரிகளுக்கு மட்டும் வழி விடலாம். பருத்தி அனுப்புகிறவர்களுக்கும் மெஷின் கம்பெனிகளுக்கும் வங்கிக்கும் அப்படிச் சொந்தப் பெயரில் முகவரி உண்டு. அவையெல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

விற்பனைப் பிரிவின் பட்டியலில்தான் சிக்கல். நாற்பதுக்கு மேல் முகவரிகள், ஒன்றில்கூட நிறுவனத்தின் பெயர் இல்லை. எல்லாம் யார் வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளக் கூடிய இலவச முகவரிகள். ஒன்றில் குலசாமி பெயர், ஒன்றில் மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும், இன்னொன்றில் வண்டி நம்பர். எங்களிடம் நூல் வாங்கி எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர் கம்பெனிப் பெயரில் முகவரிக்கு எங்கே போவார்? மகன் காலேஜில் சேரும்போது ஒன்று உண்டாக்கிக் கொடுத்திருப்பான்; மெயில் என்று அதைத் திறந்து பார்க்கும் பழக்கமும் இருக்காது. அவர்களுக்கு வழி விட வேண்டும் என்றால் இலவச முகவரி வைத்திருக்கும் உலகம் முழுவதற்கும் வழி விட வேண்டும். அந்த ஹெல்ப் டெஸ்க்காரனும் அந்த வழியாகத்தான் வந்திருந்தான். நான் அந்தப் பட்டியலின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, இவர்களோடு போனில் பேசிக்கொள்ளலாம் என்று ஓரத்தில் எழுதினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தப்பு அதுதான்.

அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர். இருபது வருடத்துக்கு மேல் உள்ளே நூற்பு மெஷின்கள் ஓடும் பகுதியில் மேஸ்திரியாக இருந்துவிட்டு, பிறகு விற்பனைப் பிரிவுக்கு வந்தவர். அந்த மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையை ஆட்டித்தான் பேச முடியும். ஆபீசில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார, அவர் மட்டும் மேசையைத் திருப்பிப் போட்டு வாசலைப் பார்த்து உட்காருவார். யார் எதைச் சொன்னாலும் முகத்தை உற்றுப் பார்ப்பார். கடைசியில், எழுதிப் போடும்மா, மறந்துருவேன் என்பார். எனக்கு அது தலைக்கனமாகத் தெரிந்தது.

சாட்டில் மட்டும் அவர் வேறு ஆள். நாங்கள் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் குதறிக்கொண்டிருக்க, அவர் தமிழிலேயே, முற்றுப்புள்ளி வரைக்கும் வைத்து எழுதுவார். எந்த நம்பர் நூல், எத்தனை மூட்டை, எந்தத் தடவை ஓட்டிய லாட் என்பதோடு வாங்குகிறவர் வீட்டுக் காய்ச்சல், கல்யாணம் வரைக்கும் அதில் விசாரிப்பு நடக்கும். சின்னாளபட்டிப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் பாதிப்பேர் அவரிடம்தான் நூல் வாங்குவார்கள். அவர்கள் போனில் அந்த மென்பொருளை ஏற்றிக் கொடுத்ததும் அவரே. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயிலில் இருந்து அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏற்றிக் கொடுத்து, எப்படி எழுத வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோடு போட்டேன்.

புதன்கிழமை சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவப் போகும்போது அவர் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்றையில் இருந்து உங்கள் பார்ட்டிகளோடு போனிலேயே பேசிக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். கோபம் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று எனக்கும் கோபம் வந்தது. பேசாமல் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரிடம் இருந்து சாட்டில் ஒரு செய்தி. ஆபீசுக்குள் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளத் தடை இல்லை. என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் இரண்டே மேசைகள்.

"செத்த நேரம் ஒதுக்க முடியுமாம்மா? எழுத்திலேயே பேசுவோம். எழுந்து வர வேண்டாம்."

சொல்லுங்கள் என்று அடித்தேன். அவர் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன. அவ்வளவு வேகமாக எழுதுகிறவருக்கு அன்றைக்கு அத்தனை நேரம் பிடித்தது.

"எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காது அரைகுறை. ஆபீசில் யாருக்கும் தெரியாது. நூல் வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. போன் பேச என்னால் ஆகாது."

படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் மறைத்திருக்கிறார், நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுக் கையும் கழுவியிருக்கிறோம். எழுதிப் போடும்மா என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைச் சுளித்தது ஞாபகம் வந்தது. முந்தைய நாள் அவர் முதுகைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததும்.

காதில் வைக்கும் மெஷின் வாங்கிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். வாங்கியிருக்கிறார். அதில் சத்தம் வருகிறதாம், பேச்சு வருவதில்லையாம். பேசுவதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் வசதி சாட்டிலேயே உண்டு, அதையும் பார்த்திருக்கிறார். நம் ஊர்க்காரர்கள் பேசுகிற வேகத்துக்கு அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது என்று எழுதினார். மறைத்ததற்கும் காரணம் சொன்னார். சில வருடங்களுக்கு முன்பு எடை போடுகிற இடத்தில் இருந்த ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று தெரிந்ததும், கோடவுனில் சாக்கு எண்ண அனுப்பிவிட்டார்கள். அவர் ஆறே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அது எனக்கும் தெரியும்.

"என்னையும் கோடவுனுக்குத்தான் அனுப்புவார்கள். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இந்த நாற்காலியில் இருந்து ரிட்டயர் ஆகணும்மா. அம்புட்டுத்தான்."

ஒரு வழி இருந்தது. ஆபீஸ் முழுவதற்கும் சாத்திவிட்டு, குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு மட்டும் திறந்து கொடுக்க மென்பொருள் இடம் கொடுக்கிறது. அதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு படிவம்: பெயர், பிரிவு, யாரோடு பேச வேண்டும், காரணம், மேலாளர் கையெழுத்து. அதை அவருக்கு அனுப்பினேன். மற்றதெல்லாம் நிரப்பி, காரணம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "என்ன வேண்டுமானாலும் எழுது. என் காதை மட்டும் எழுதாதே."

வேலைக்குத் தேவை என்று எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமையே திரும்பி வந்துவிட்டது. விளக்கம் போதாது, மற்ற விற்பனைக்காரர்கள் எல்லாம் போனில் பேசும்போது இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சல் வந்தது. மென்பொருள் வழி விடுகிறது, படிவம் விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக்கி வைத்தவளும் நான்தான் என்பதால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுவதும் கீபோர்டைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விற்பனை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அவருடைய பார்ட்டிகளிடம் இருந்து மூன்று நாளாக ஓர் ஆர்டர்கூட வரவில்லையே, அவர் போனில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். போன் நன்றாக இருக்கிறது என்றேன். மேலாளர் கெட்டவர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"புதன்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லாட்டி அவரு பார்ட்டிகளை மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு, அவரைக் கோடவுன் பொறுப்புல போட்டுரலாம். அவருக்கும் ஓய்வா இருக்கும்ல."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் நீளம் என்று சொல்லும் என் வாய் அன்றைக்கு அசையவில்லை. அது சொல்வதற்கு என்னுடையது இல்லை.

அந்த நாட்களில் நான் தினமும் செய்த வேலை ஒன்று உண்டு. யார் என்ன பேசினார்கள் என்று என்னால் பார்க்க முடியாது; எந்த மேசைக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று மட்டும் பார்க்கலாம். அவர் போனில் மணி அடித்தால் சிவப்பு விளக்கு மின்னும். மின்னும்போது அவர் என்ன செய்வார், எடுக்காமல் விட்டால் மேலாளர் பார்த்துவிடுவாரே என்று பயந்துதான் முதலில் பார்க்க ஆரம்பித்தேன். வியாழன், வெள்ளி, சனி, திங்கள். வெளியில் இருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. எடுக்காமல் விட்டதும் இல்லை. யாரும் கூப்பிடவே இல்லை.

அவரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திங்கட்கிழமை மத்தியானம் எழுதினார்.

"போன் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை பார்த்தாயா. வேற மில்லுக்குப் போயிருப்பார்கள். நூலுக்கா பஞ்சம்? பரவாயில்லை, யாரும் மாட்டி விடாமல் போனார்களே."

நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். வருடக்கணக்கில் வீட்டு விசேஷம் விசாரித்த ஆட்கள், ஏன் இத்தனை நாளாகக் காணோம் என்று கேட்க ஒருவர்கூடவா இல்லை என்று அந்தத் தறிக்காரர்கள் எல்லோர் மீதும் ஆத்திரமாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கணக்குப் பிரிவுப் பெண் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் இருந்து செக்யூரிட்டி எனக்குப் போன் செய்தார். விற்பனைப் பிரிவு அண்ணனைப் பார்க்கச் சின்னாளபட்டியில் இருந்து ஆள் வந்திருக்கிறது, அவரைக் கூப்பிட வேண்டாம், ஆபீசில் வேறு யாராவது வந்தால் போதும் என்கிறார், நீங்கள் வருகிறீர்களா என்றார். போனேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக்கொட்டகையிலேயே இருப்பவர்களுக்கு வரும் பெரிய குரல்; வணக்கம் சொன்னதே ரோட்டுக்குக் கேட்டிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் நோட்டுப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாள்கள், பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், நூல் நம்பர், எத்தனை மூட்டை என்ற கணக்கு.

"இதை அவரு கையில குடுத்தாப் போதும்மா. எல்லாத்தையும் வெவரமா எழுதியிருக்கோம்."

இவ்வளவு தூரம் வண்டியில் வந்ததற்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அவர் செக்யூரிட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைச் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குரலை அவரால் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக்கொண்டார்.

"போன் பண்ணா அவரு என்ன செய்வாரு, பாவம்? சாட்டு நின்னு போச்சுன்னு தெரிஞ்சதும் நாங்களே பேசி வச்சுக்கிட்டோம், ஒருத்தரும் கூப்பிடக் கூடாதுன்னு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்கு வந்து போன்ல ஏத்திக் குடுத்தாருல்ல, அன்னைக்கே தெரியும். எம் மக பின்னாடி நின்னு, மாமா காப்பி குடிக்கிறீகளான்னு மூணு தடவை கேட்டுச்சு. திரும்பவே இல்ல. முன்னாடி போயிக் கேளு தாயின்னு சொன்னேன். நூல் வாங்குற எல்லாருக்கும் தெரியும்மா. எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியக் கூடாது."

ஆக, நான் நாலு நாளாகப் பார்த்த அந்த வெறுமைக்கு அர்த்தம் அதுதான். அவர்கள் வேறு மில்லுக்குப் போகவில்லை. தறியில் நூல் தீரத் தீர, மணி அடித்து அவரைச் சங்கடப்படுத்தாமல் காத்திருந்திருக்கிறார்கள். நேற்று பாத்ரூமில் நின்று இவர்களைத்தான் நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

வந்தவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சாட்டைச் சாத்தியவள் நான்தான், திறக்க வேண்டும் என்றால் படிவத்தில் ஒரு காரணம் எழுத வேண்டும், அண்ணன் காதைப் பற்றி எழுத முடியாது, நாளைக்குள் வழி பிறக்காவிட்டால் அவரைக் கோடவுனுக்கு மாற்றிவிடுவார்கள் என்றேன். அவர் நாடியைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"அந்தக் காரணம் அவரோடதாத்தான் இருக்கணுமா?"

யாருடையதாக இருந்தாலும் சரி, பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். அவர் செக்யூரிட்டி அறைக்குள் போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் என்னிடம் காட்டவில்லை. ஊருக்குப் போய் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை ஷிப்டு மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன்.

"ஐயா, நாங்கள் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறி ஓடும்போது போன் பேசினால் எங்களுக்குக் காது கேட்காது. எழுத்தில் இருந்தால்தான் எங்களுக்குச் சரிப்படும். இத்தனை வருடமும் அப்படித்தான் நூல் வாங்கினோம். பழையபடியே நடக்க ஏற்பாடு செய்து தர வேண்டுகிறோம்."

கீழே பதினொரு கையெழுத்து. ஒரு பொய்கூட இல்லை. படிவத்தில் காரணம் என்ற இடத்தில், வாங்குகிறவர்களுக்குத் தறிச் சத்தத்தில் போன் கேட்பதில்லை, எழுத்து அவசியம் என்று அடித்து, கடிதத்தையும் ஆர்டர் எழுதிய தாள்களையும் சேர்த்து மேலாளரிடம் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் படித்தார். கண்ணாடி வழியாக அண்ணனின் மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூரில் இருந்து அனுமதி வந்தது. அண்ணன் ஒருவருக்கு மட்டும், எழுத்து மட்டும், அழைப்பு கிடையாது. ஆபீசுக்கு வேறு எந்த மாற்றமும் இல்லை.

அனுமதியின் நகலைச் சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதனால் கடிதத்தை அவரிடம் மறைக்க வழி இல்லை. வியாழக்கிழமை காலை நகலையும் கடிதத்தையும் ஆர்டர் தாள்களையும் அவர் மேசையில் வைத்துவிட்டு, என் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நின்றேன். அவர் கடிதத்தைப் படித்தார். மறுபடி முதலில் இருந்து படித்தார். பிறகு ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். விரல் கடைசிக் கையெழுத்தில் நின்றது. அவர் எழுதவில்லை, வாய் திறந்து பேசினார்.

"தறி நாள் பூரா ஓடாது தங்கச்சி. மதியம் சாப்பிட நிறுத்துவாங்க. கரண்டு போனாலும் நின்னுரும். அப்பக்கூட ஒருத்தரும் கூப்பிடலையே."

அவர் நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

தலையசைத்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். அவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, நீங்கள் போனில் ஏற்றிக் கொடுத்த நாளில் இருந்தே என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஒருவர் இத்தனை வருடம் கட்டிக் காத்ததை நான் உடைத்துப் போட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலில் கையெழுத்துப் போட்டார். கீபோர்டை இழுத்துச் சின்னாளபட்டிக்காரரின் பெயரைத் திறந்து அடித்தார். அனுப்பிவிட்டு, பார் என்று எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"தறிச் சத்தத்தில் உங்களுக்குக் காது கேட்காதாமே. எனக்கும்தான்."

மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது.

"சரிண்ணே. நாப்பதாம் நம்பர் அஞ்சு மூட்டை வேணும். பழைய லாட்லயே குடுங்க."

அவர் சிரித்தார். பழைய லாட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எழுந்து, கோடவுனுக்குப் போனார்.